பென்சிலுக்கு முன்னால் மல்லாட்டை

திருநாவலூர்ப் பக்கம் அங்கன்வாடிக்குப் போய்வரும் பிள்ளையிடம், "இன்னிக்கு என்ன எழுதின?" என்று கேட்டால் முழிக்கத்தான் செய்யும். அங்கே எழுத்து முதல் வேலையே இல்லை. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டப்படி பாட்டு, கதை, நிறம், வடிவம் என்றுதான் பொழுது போகும். "என்ன பாட்டு? பாடிக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள், வாய் ஓயாது.

பென்சில் பிடிக்க, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தெம்பு வேண்டும். அதற்கு மல்லாட்டை (நிலக்கடலை) உரிப்பதை மிஞ்சிய பயிற்சி இல்லை. முறத்தின் முன் உட்கார வையுங்கள். ஒரு பருப்பு உள்ளது, இரண்டு உள்ளது, மூன்று உள்ளது என்று தனித்தனியாகக் குவிக்கட்டும். எண்ணிக்கையும் வரும், எந்தக் குவியல் பெரிது என்ற கணக்கும் வரும். பக்கத்திலேயே இருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், சிலது மூக்கிலும் போட்டுக்கொள்ளும். தின்னக் கேட்டால் பொடித்துக் கொடுங்கள்.

வாசல் கோலத்தில் இரண்டு வரிசைப் புள்ளியைப் பிள்ளை இணைக்கட்டும். கோணினாலும் அழிக்க வேண்டாம்.

எழுத்துக்கு, உளுந்தூர்பேட்டை பஸ் போர்டில் ‘உ’ எங்கே என்று தேடினால் இப்போதைக்குப் போதும். எல்.கே.ஜி. பிள்ளையை ராத்திரி எட்டு மணிக்கு நாலு கோடு நோட்டோடு உட்காரவைத்துக் குட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் என்றாலே அழுகை வருவது அங்கிருந்துதான்.

கூட்டிவரப் போகும்போது டீச்சரிடம் இப்போது நடக்கும் தலைப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி என்றால், சந்தைப் பையைக் கொட்டிப் பிரிக்கும் வேலை பிள்ளையுடையது.