விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு: ஒரு ரேம் மாற்றிய இரவின் பாடம்



ஆயுத பூஜைக்கு நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம் இல்லையா? சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் பொட்டு வைக்க வேண்டிய கம்ப்யூட்டரை, பூஜைக்கு முந்திய இரவு நானே படுக்க வைத்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளை என்று வீட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அன்றிரவு அந்த மரியாதைக்கு வந்த சோதனையைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். புதிய பாகம் போட்டபின் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் எதை முதலில் பார்ப்பது, எதைச் செய்யவே கூடாது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

எங்களுடையது 2014இல் வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம் இரண்டு. தம்பி பாலிடெக்னிக்கில் வீடியோ எடிட்டிங் பாடம் எடுத்திருக்கிறான். ஒரு நிமிட வீடியோவைத் திறந்தாலே மெஷின் மூச்சு வாங்கும். அதனால் ரோச்சோர் எம்ஆர்டி பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், 8 ஜிபி ரேம் இரண்டும், பயன்படுத்திய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றும் வாங்கினேன். கடைக்கார அங்கிள், "டிடிஆர்3 தானே, நிச்சயமா?" என்று இரண்டு முறை கேட்டார். அது நல்ல கேள்வி. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், கீழே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: 1.5, 1.2, 1.1 வோல்ட். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அழுத்தித் திணித்தால் ஸ்லாட்டுதான் உடையும்.

அங்கிருந்து நடந்தே தேக்காவுக்குப் போனேன். அம்மா பூ, பொரி, அவல், கடலை வாங்கிவரச் சொல்லியிருந்தார். ஒரே பையில் மல்லிகையும் ரேமும் வீடு வந்து சேர்ந்தன.

இரவு ஒன்பது மணிக்குப் பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன், கார்டையும் செருகினேன். பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறிகள் சுற்றின. திரை மட்டும் இருட்டு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஹார்ட் டிஸ்க்கில் எங்கள் பாட்டி பாடிய திருப்புகழ்ப் பதிவுகள் 37 இருந்தன. பாட்டி தவறி இரண்டு வருடமாகிறது. அம்மா சமையலறையில் கைத்தொலைபேசியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்தவை அவை. அந்தத் தொலைபேசி எப்போதோ போய்விட்டது. வேறு பிரதி கிடையாது. இவ்வளவும் தெரிந்தும், மூடியைத் திறக்கும் முன் நான் பிரதி எடுக்கவில்லை. "ரேம் மாத்துறதுக்கு எதுக்குப் பிரதி" என்ற அலட்சியம்தான்.

முதல் தவறு: யோசிக்கும் முன் கை வைத்தது

திரை இருட்டானதும் என்ன செய்தேன்? தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி மாட்டினார், அவருக்குச் சரியாகிவிட்டது. நானும் கழற்றினேன். அது சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். அந்த எண்ணுக்கு அர்த்தம் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் நேரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அதன் வேலை. கழற்றினால் எங்கள் மாதிரிப் பழைய மெஷினில் அந்த அமைப்புகள் எல்லாம் அழிந்து, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடும்.

அது தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் அது என் நோய்க்கான மருந்து இல்லை. திரை இருட்டாகவே இருந்தது. இதனால் பின்னால் வந்த தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

மருந்து அதிகாரத்தில் 948ஆம் குறள் நமக்குப் பள்ளியிலேயே வந்துவிடும். நோய் எது, அது எதனால் வந்தது, தணிக்கும் வழி எது என்று வரிசையாகப் பார்த்தபின் கை வைக்கச் சொல்கிறார் வள்ளுவர். நான் கடைசிப் படியில் ஆரம்பித்திருந்தேன்.

நோய் எங்கே என்று பார்ப்பது

கம்ப்யூட்டர் கிளம்புவதில் இரண்டு கட்டம் உண்டு. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள பயாஸ், ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். இதற்குப் போஸ்ட் என்று பெயர். அது முடிந்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, அதிலிருந்து விண்டோஸை எழுப்பும்.

திரையில் எதுவுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது என்று பொருள். அங்கே ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. மாறாக, ஏதாவது எழுத்து வந்து "பூட் செய்ய டிஸ்க் இல்லை" என்கிற மாதிரிச் செய்தி காட்டினால், முதல் கட்டம் நன்றாக முடிந்துவிட்டது, சிக்கல் இரண்டாவதில். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். என் திரை வெறும் இருட்டு. அப்படியானால் பாட்டியின் பாட்டுக்கு இன்னும் எதுவும் ஆகியிருக்காது. அந்த எண்ணம் வந்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

பிறகு வரிசையாகப் பார்த்தேன்.

1. திரையின் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? கிராஃபிக்ஸ் கார்டு போட்டபின் கேபிளைக் கார்டில் மாட்ட வேண்டும், பழையபடி மதர்போர்டில் அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது. என்னுடையது சரியாகவே இருந்தது.

2. மின்சாரக் கேபிள்கள். மதர்போர்டுக்கு 24 பின் கேபிள், ப்ராசஸருக்குத் தனியாக 4 அல்லது 8 பின், பெரிய கார்டுக்கு இன்னொன்று. மதர்போர்டைத் தொடும்போது இவற்றில் ஒன்று லேசாகக் கழன்றிருந்தாலும் விசிறி மட்டும் சுற்றும், வேறெதுவும் நடக்காது. இதுவும் சரி.

3. குறைந்தபட்ச நிலை. இதுதான் முக்கியமான படி. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், விளையாட்டில்லை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்னை இறக்கினேன். பிறகு கார்டை எடுத்தேன், இரண்டு புதிய ரேமையும் எடுத்தேன். பழைய ரேம் ஒன்றே ஒன்று, திரை நேராக மதர்போர்டில். பட்டனை அழுத்தினேன்.

திரையில் எழுத்து வந்தது!

அப்படியானால் மதர்போர்டு, ப்ராசஸர், பவர் சப்ளை மூன்றும் நல்லாத்தான் இருக்கின்றன. குற்றவாளி நான் புதிதாக வைத்தவற்றில்தான். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன், ஒவ்வொரு முறையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி. பழையதை எடுத்துவிட்டு முதல் புதிய ரேமைப் போட்டேன்: எழுத்து வந்தது. இரண்டாவது புதிய ரேமையும் சேர்த்தேன்: இருட்டு.

ரேம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா? இதைப் பிரித்துப் பார்க்க, அதே ரேமை முதல் ஸ்லாட்டில் தனியாகப் போட்டேன். வேலை செய்தது. ரேம் நல்லது. பழைய ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். அதுவும் வேலை செய்தது. ஸ்லாட்டும் நல்லது. மிச்சம் இருப்பது உட்கார வைத்த விதம் மட்டுமே. புதியதைத் திரும்ப அங்கே வைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு ஓரம் ஓர் அரிசி அளவு மேலே நின்றது. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து நேராக அழுத்தினேன். "டக்" என்று கொக்கி விழுந்தது. கார்டையும் மாட்டினேன். எல்லாம் எழுந்தது. கடையில் கொடுத்ததில் எந்தக் குறையும் இல்லை. குறை என் கட்டைவிரலில்.

இரண்டாவது தவறு: கிட்டத்தட்டச் செய்தது

எழுத்து வந்ததே தவிர, விண்டோஸ் வரவில்லை. "பூட் செய்ய எதுவும் இல்லை" என்ற செய்தி. மணி பதினொன்றரை. அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னடா இன்னும் தூங்கலையா? பாட்டி பாட்டு இருக்குல்ல? காலையில பூஜைக்குப் போடணும்."

"இருக்கும்மா, நீங்க படுங்க," என்றேன். எனக்கே தெரியாத ஒன்றை உறுதியாகச் சொன்னேன்.

நண்பனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "டிஸ்க் போயிருக்கும்டா. விண்டோஸை மறுபடி போட்டுடு, அரை மணி நேர வேலை" என்றான். வீட்டில் விண்டோஸ் யூஎஸ்பி ஒன்று இருந்தது. அதில் கிளப்பி, எந்த இடத்தில் நிறுவுவது என்று கேட்கும் பக்கம் வரை போய்விட்டேன். அங்கே ஹார்ட் டிஸ்க் அதன் பகுதிகளோடு முழுசாகத் தெரிந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால், இந்த டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது, ஈஎஃப்ஐ மெஷினில் ஜிபிடி டிஸ்க்கில்தான் நிறுவ முடியும் என்று எச்சரிக்கை. "எல்லாப் பகுதியையும் டெலீட் பண்ணு, போயிடும்" என்றான் நண்பன். மவுஸ் அந்த டெலீட் பட்டன் மேல் நின்றது.

அழுத்தியிருந்தால் விண்டோஸ் நன்றாக வந்திருக்கும். பாட்டியின் குரல் போயிருக்கும்.

நல்லவேளை, எச்சரிக்கையை இன்னொரு முறை நிதானமாகப் படித்தேன். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. டிஸ்க் ஒரு முறை, மெஷின் வேறு முறை என்றுதான் சொல்கிறது. நேற்று வரை இரண்டும் ஒத்துப்போயினவே, இன்று என்ன மாறியது? நான் டிஸ்க்கைத் தொடவில்லை. பேட்டரியைத்தான் தொட்டேன்.

விஷயம் இதுதான். பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருக்கும் எம்பிஆர் என்ற சிறு பகுதியைப் படித்து விண்டோஸ் கிளம்பும். புதிய யூஇஎஃப்ஐ முறையில் டிஸ்க் பொதுவாக ஜிபிடியாக இருக்கும், அதில் தனியாக ஒரு சிறு பகுதியிலிருந்து கிளம்பும். எங்கள் மதர்போர்டு இரண்டும் தெரிந்தது. பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை யாரோ அன்றே இயக்கி வைத்து விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். நான் பேட்டரியைக் கழற்றியதும் அந்த அமைப்பு அழிந்து, மெஷின் புதிய முறையில் மட்டும் தேட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் உள்ளேயே இருக்கிறார், இது வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

யூஎஸ்பியை உருவினேன். பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை இயக்கி, சேமித்தேன். ஒரு நிமிடத்தில் எங்கள் பழைய முகப்புப் படம் வந்தது. வேறு எதையும் தொடாமல், முதல் வேலையாக 37 பதிவுகளையும் ஒரு வெளி டிஸ்க்கிலும் கிளவுடிலும் பிரதி எடுத்தேன். அப்போது மணி ஒன்றே முக்கால்.

உங்கள் மெஷின் வேறு மாதிரி என்றால்

ப்ராசஸரை மாற்றினால், சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. ஏஎம்4 சாக்கெட் பழைய மதர்போர்டுகளில் 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசையைப் போட, முதலில் பழைய ப்ராசஸரோடே பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாங்கும் முன் மதர்போர்டு நிறுவனத்தின் பட்டியலைப் பாருங்கள்.

டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷின் முதல் முறை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம். ரேமுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால், பயாஸ் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அதை முன்பே எடுத்து வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

நினைவில் வைக்க ஐந்து

1. மூடியைத் திறக்கும் முன் பிரதி எடுங்கள்.
2. பயாஸ் அமைப்புகளையும் கேபிள்களையும் தொலைபேசியில் படம் பிடியுங்கள்.
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பாகத்தையும் ஒன்றாகப் போட்டதால்தான் என்னால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.
4. "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் நான் எதைத் தொட்டேன்?" என்று எழுதிப் பாருங்கள்.
5. கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்பதும் டிஸ்க்கில் உள்ளவை அழிந்தன என்பதும் ஒன்றல்ல. டெலீட், ஃபார்மட் இரண்டையும் கடைசி வரை தொடாதீர்கள்.

காலையில் அம்மா கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பாட்டியின் பாட்டைப் போட்டார். பதிவின் நடுவே குக்கர் விசில் சத்தமும், "யாருடா கதவுல?" என்று பாட்டி கேட்பதும் வரும். அம்மா அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார், அன்றும் சிரித்தார். அப்போதுதான் இரவு நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் ஒரு யூஎஸ்பியில போட்டுக் கொடு" என்றார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரே பிரதியாக இருக்கும் குரல், படம், கடிதம் ஏதாவது இருக்கும். இதைப் படித்து முடித்ததும் அதை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ரேம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.