தோல் உரியும் வண்டி

பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு பெயிண்ட் பட்டறை. டாக்சி ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியைக் கொண்டு வந்தார். வெள்ளி நிற வண்டி. 12 வருடம் ஓடியது. கடன் வாங்கி வாங்கினார். கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டுகள்.

"பாய், பாலீஷ் போட்டுக் கொடுங்க. பளபளன்னு ஆகணும்" என்றார்.

பெயிண்டர் ஒரு திட்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளினார். மெல்லிய ஏடு ஒன்று உரிந்து வந்தது. வெங்காயத் தோல் போல இருந்தது.

"பாலீஷ் போட்டா உங்க காசு வீண், தம்பி."

ஏன் வீண்?

வண்டியின் தகட்டில் பல பூச்சுகள் உண்டு. அடியில் பிரைமர். அது துருவைத் தடுக்கும். அதன் மேல் நிறம். நிறத்தின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. அதற்குக் கிளியர் கோட் என்று பெயர். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. அதன் கனம் ஒரு தலைமுடியைவிடக் குறைவு.

வெயிலில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வருடக் கணக்கில் அது கிளியர் கோட்டைக் கெடுக்கிறது. வெயில் நேராக விழும் கூரையும் பானெட்டும் முதலில் கெடும். பறவை எச்சத்தைக் கழுவாமல் விட்டாலும் கெடும். அடிக்கடி பாலீஷ் போட்டாலும் பூச்சு தேயும்.

"எங்க அப்பா அம்பாசடர் ஓட்டினார். பாலீஷ் போட்டா புதுசு மாதிரி ஆகுமே?" என்று ஓட்டுநர் கேட்டார்.

அதுவும் உண்மைதான். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. பழைய அம்பாசடர்கள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது. நிறம்தான் மேல் பூச்சு. தேய்த்தால் மங்கிய நிறம் துணியில் வந்துவிடும். உள்ளே இருக்கும் நல்ல நிறம் தெரியும். கிளியர் கோட் உரிந்த இடத்தில் அப்படித் தேய்க்க எதுவும் மிச்சம் இல்லை.

"அப்போ என்ன செய்யறது?"

"கூரையும் பானெட்டும் மட்டும் செய்வோம். கதவு நல்லா இருக்கு. உரிஞ்ச பூச்சு முழுக்க உப்புத்தாளில் தேய்ச்சு எடுக்கணும். பிறகு நிறம், அதுக்கு மேலே கிளியர் கோட். உரிஞ்ச ஓரத்து மேலேயே அடிச்சா சீக்கிரம் மறுபடி உரியும். இப்ப காசு இல்லைன்னா பொறுங்க. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தகடு தெரிய விடாதீங்க. துரு பிடிச்சா செலவு அதிகம்."

பேசும்போதே பெயிண்டருக்கு மூச்சு வாங்கியது. அவர் இப்போது ஸ்பிரே அடிப்பதில்லை. தங்கை மகன்தான் அடிக்கிறான். கிளியர் கோட்டில் ஹார்ட்னர் கலப்பார்கள். பெரும்பாலும் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். ஸ்பிரே அடிக்கும்போது அது மூச்சில் போகும். ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும்.

பெயிண்டர் பல வருடம் கைக்குட்டை கட்டித்தான் அடித்தார். பட்டறைகளில் இன்றும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கைக்குட்டை இதைத் தடுக்காது. தூசிக்குப் போடும் சாதாரண முகமூடியும் போதாது. குழாய் வழியாக வெளிக் காற்று வரும் முகமூடி வேண்டும். கையுறையும் வேண்டும். பக்கத்தில் வேறு ஆள் நிற்கக் கூடாது.

அந்த முகமூடி விலை அதிகம். பெயிண்டர் தன் பழைய ஸ்கூட்டரை விற்று அதை வாங்கினார்.

ஓட்டுநர் கூரையை மட்டும் செய்யச் சொன்னார். பானெட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பையன் முகமூடியை மாட்டினான். பெயிண்டர் ஓட்டுநரை வெளியே அழைத்துப் போனார்.