சிற்றலை வானொலியும் அதன் நேயர்களும்

ஒரு நாட்டின் குரலை மற்றொரு நாட்டின் இல்லத்திற்குள் இடையீடின்றிக் கொணர்ந்து சேர்க்கும் ஆற்றல், இருபதாம் நூற்றாண்டில் சிற்றலை வானொலிக்கே சிறப்பாக வாய்த்திருந்தது. அவ்வாற்றல் யாது, அது மெலிந்தது எங்ஙனம், அதனால் இழப்பெய்துவோர் யாவர் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

வானொலி அலைகளுள் ஏறத்தாழ 10 முதல் 100 மீட்டர் வரை நீளமுடையன சிற்றலை எனப்படும். மத்திய அலை பகற்போதில் நிலத்தை ஒட்டிச் சென்று விரைவில் தேயும். சிற்றலையோ மேனோக்கி எழுந்து, ஞாயிற்றின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற வளிமண்டல மேலடுக்கிற் பட்டு வளைந்து, நெடுந்தொலைவிற்கு அப்பால் நிலத்தை அடையும். ஆண்டிருந்து மீண்டும் எழுந்து மற்றொரு முறை தாவும். அவ்வடுக்கு பகலிரவுக்கும் பருவத்திற்கும் ஞாயிற்றின் 11 ஆண்டுச் சுழற்சிக்கும் ஏற்ப மாறும் இயல்பினது. ஆதலின் நிலையத்தார் அலைவரிசைகளை அடிக்கடி மாற்றுவர். நேயரும் அவற்றைத் தேடிப் பிடித்தல் வேண்டும்.

இத்தேட்டமே ஒருவகை நேயரைத் தோற்றுவித்தது. தம் அலை பல்லாயிரங் கிலோமீட்டர்க்கு அப்பால் எவ்வாறு கேட்கின்றது என்பதை நிலையத்தார் தாமே அறியவியலாது. நேயர்களோ, ஒலியின் வலிமை, பிற நிலையத்தின் இடையூறு, இரைச்சல், அலையின் ஏற்றத்தாழ்வு, மொத்தத் தகுதி என்னும் ஐந்திற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, நாளும் நேரமும் குறித்து, கேட்டதன் விவரத்தோடு அஞ்சலில் அனுப்பினர். அஃது உண்மையெனக் கண்ட நிலையத்தார் கியூ.எஸ்.எல். என்னும் வண்ண அட்டையை விடையாக விடுத்தனர். ஊதியம் பெறாத இவ்வாராய்ச்சியாளருக்கு அவ்வட்டையே பரிசிலாயிற்று.

1931 கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஈக்குவடார் நாட்டுக் கீட்டோ நகரில் எச்.சி.ஜே.பி. என்னும் மிஷனெரி நிலையம் தோன்றியது. 1932 டிசம்பர் 19-இல் பி.பி.சி. நிறுவனம் டாவென்ட்ரியிலிருந்து பேரரசு ஒலிபரப்பைத் தொடங்கியது. 1941-இல் அதன் தமிழ் ஒலிபரப்பும் பிறந்தது. பின்னர் வல்லரசுகளின் பனிப்போர் எண்ணற்ற நிலையங்களைப் பெருக்கிற்று. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலையவே, அரசுகள் இதற்கெனப் பொருள் வழங்கும் ஆர்வங் குன்றினர். நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரம் உண்ணும் பரப்பிகளின் செலவு பெரிதாகத் தோன்றியது. செயற்கைக்கோளும் பண்பலையும் இணையமும் தெளிந்த ஒலி தந்தன. வீட்டு மின்கருவிகளின் இரைச்சலும் சிற்றலையைக் கெடுத்தது. 2001-இல் பி.பி.சி. வட அமெரிக்காவிற்குச் சிற்றலையை நிறுத்தியது. 2012-இல் கனடா, நெதர்லாந்து நாடுகளின் அயல்நாட்டு ஒலிபரப்புகள் சிற்றலையை நீத்தன. 2017-இல் ஆஸ்திரேலியா அவ்வழிச் சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 30-இல் 'தமிழோசை' வானொலியும் ஓய்ந்தது.

இணையத்திற் கேட்பதே எளிதும் தெளிவுமாகலின், இதற்கு இரங்குவானேன் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. எனினும் இணையவழி வருங் குரல், கம்பியும் கோபுரமும் நிறுமமும் அரசும் ஆகிய பல வாயில்களைக் கடந்தே வருதல் வேண்டும். அவற்றுள் ஒன்றை அடைப்பினும் அது நின்றுவிடும். கேட்பவர் யாவர் என்னுஞ் சுவடும் ஆண்டுப் பதியும். சிற்றலையையும் எதிரொலி எழுப்பிக் கெடுத்தல் கூடும். ஆயினும் முற்ற அடைத்தல் அரிது. கேட்பவனை அது காட்டிக் கொடாது.

1991 ஆகஸ்டில் கிரிமியாவிற் காவலில் வைக்கப்பட்ட கோர்பச்சேவ், தொலைபேசிகள் துண்டிக்கப்பட்ட நிலையில், ஒரு வானொலிப் பெட்டியில் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்டே நாட்டின் நிலையை அறிந்தார். 2022 மார்ச்சில் கீவ் நகரத் தொலைக்காட்சிக் கோபுரம் தாக்கப்பட்டபோது, பி.பி.சி. உக்ரைனை நோக்கி நாள்தோறும் நான்கு மணி நேரம் இரு சிற்றலை வரிசைகளில் செய்தி ஒலிபரப்பியது. பயனற்றதென ஒதுக்கப்பட்டதே இடுக்கண் வந்துழி உதவிற்று.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வியை வைத்தார். கற்கும் வாய்ப்பிலார்க்கும் செவி திறந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையால் உணரப்படும். கம்பியும் கோபுரமும் எட்டாத தீவினர், போரால் அடைபட்டோர், அடக்குமுறைக்கு அஞ்சுவோர் ஆகியோரின் செவிக்கு எஞ்சிய வழி சிற்றலையே. சாய்த்த கோபுரங்களை ஆபத்து வந்தபின் ஓர் இரவில் நாட்டல் இயலாது. ஆதலின், செல்வ நாடுகள் எஞ்சிய நிலையங்களுட் சிலவற்றையேனும் காத்தல் கடனாகும்.