திருவீழிமிழலைப் படிக்காசும் பஞ்சத்தின் காரணமும்

சைவ பாடசாலைகளிலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களுட் பலர், திருவீழிமிழலைப் பகுதியைச் சிவபெருமான் காசு கொடுத்தருளிய அற்புதம் என்று சொல்லி விரைந்து கடந்து விடுகின்றனர். அப்பகுதி நின்று ஆராயத்தக்கது. மனிதர் பசியால் மடிவது எதனால் என்னும் வினாவுக்கு அதனுள்ளே ஒரு விடை உண்டு என்பது எமது கருத்து.

மழையின்றி வற்கடம் வந்து உயிர்கள் வருந்தியபொழுது, பெருமான் சம்பந்தருக்கும் அப்பருக்கும் கனவிலே தோன்றி, நாடோறும் ஒவ்வொரு காசு தருவதாக அருளிச்செய்தார். கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் வைக்கப்பட்ட அக்காசுகளைக் கொண்டு இருவர் திருமடங்களிலும் அடியார்கள் அமுது செய்தனர். குண்டையூரிலே சுந்தரமூர்த்தி நாயனார் பொருட்டு நெல்மலையே அளித்தவர், இங்கே நெல் கொடாது காசு கொடுத்தது என்னை? காசினாலே பசி தீர்ந்ததெனின், கடைவீதியிலே பண்டம் இருந்தது என்பதும், பசித்தவர் கையிலே அதனைக் கொள்ளும் பொருள் இல்லை என்பதும் பெறப்படும். ஆகவே பஞ்சம் இருவகைத்து: நெல் இல்லாத பஞ்சம் ஒன்று, நெல் இருந்தும் வாங்க இயலாத பஞ்சம் மற்றொன்று.

இரண்டாவது வகைக்கு 1943ஆம் ஆண்டு வங்காளத்துப் பஞ்சத்தை உதாரணமாகக் காட்டுவர். அதிலே 20 இலக்கத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981இலே வெளியிட்ட நூலில், அவ்வாண்டு அங்கிருந்த உணவு, முந்திய ஐந்தாண்டுகளின் சராசரியினும் ஏறக்குறைய 5 வீதமே குறைந்தது என்றும், பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டினும் மிகுந்தது என்றும் கணக்கிட்டார். அக்கணக்கை மறுப்பாரும் உளர். ஆயினும் யுத்தச் செலவினாலே விலை ஏறிற்று என்பதிலும், 1942 டிசெம்பருக்கும் 1943 மே மாதத்துக்கும் இடையிலே அரிசி விலை இரு மடங்கிற்கு மேற்பட்டது என்பதிலும் ஐயமில்லை. கூலி அவ்வாறு ஏறவில்லை. வயற்கூலிகளும் மீன்பிடிகாரருமே பெரும்பாலும் மாண்டனர்; நெல் வைத்திருந்தோர் பிழைத்தனர்.

மீண்டும் மிழலைக்கு வருவாம். சம்பந்தர் திருமடத்திலே அமுது நாடோறும் பிந்திற்று. நாயனார் அதற்குக் காரணம் வினாவ, அமுதாக்குவோர், அப்பருடைய காசுக்கு வட்டம் இல்லை என்றும், தமது காசுக்குக் கடைகாரர் வட்டம் கேட்கின்றனர் என்றும் விண்ணப்பஞ் செய்தனர். அப்பர் கைத்தொண்டு செய்தலால் அவர் பெற்றது வாசியில்லாக் காசாயிற்று என்று உணர்ந்து, நாயனார் பதிகம் பாடி நற்காசு பெற்றார். நாணயத்திலே சிறு குறை இருப்பினும் உலை ஏறுவது பிந்தும் என்பதைச் சேக்கிழார் எத்துணை நுண்மையாக வைத்தார்!

இவ்விடத்தைக் கணித பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கலாம். 2022 செத்தெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டுக்குள்ளே ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. இரசாயனப் பசளை இறக்குமதியை 2021இலே தடுத்தமையால் நெல் விளைவுங் குறைந்தது. அதனை நாம் மறைக்கவில்லை. எனினும் மாணாக்கன் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: முன்பு 2 படி அரிசி கொண்ட பணம் பின்பு 1 படிக்குச் சற்றே மேலாகத்தான் கொள்ளும். காசு அதே காசு. அதற்கு வந்த வட்டமோ பாதி.

வறுமையும் பசியும் பழவினைப் பயன் என்று சொல்லி அமைதல் சில ஆசிரியர்களுக்கு வழக்கமாயிற்று. வினைக்கொள்கை நமது சமயத்தின் உண்மை, அதில் ஐயமில்லை. ஆனால் பசித்த பிள்ளையின் முன்னே அதனை எடுத்துரைத்தல் நாயன்மார் காட்டிய நெறியன்று. சம்பந்தர் அடியார்களின் வினையை ஆராய்ந்தாரல்லர். அமுது ஏன் பிந்திற்று என்று கேட்டார். பெரியபுராணத்தை வசனமாக எழுதிய ஆறுமுக நாவலரவர்களும், யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள்.

2024ஆம் ஆண்டிலே உலகத்திற் பசித்திருந்தோர் 67 கோடிக்கு மேற்பட்டோர் என்பது ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் செய்த மதிப்பு. அத்தொகையைக் கரும்பலகையில் எழுதுமுன், ஆசிரியர் தமது வகுப்பை நோக்குதல் நன்று. இடைவேளையிலே மற்றைப் பிள்ளைகள் உணவுப் பொதியை அவிழ்க்கும்போது, எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போகும் பிள்ளை எது என்பதும், அவ்வீட்டிலே அன்று காலை உலை ஏறாமைக்குக் காரணம் யாது என்பதும், பிறர் செவிப்படாது தனித்து அழைத்து வினாவி அறியத்தக்கன.