வாரிசு: சட்டத்திலும் காட்டிலும் கடையிலும்

முன்னுரை

ஊரில் ஒரு பெரிய பலசரக்குக் கடை. நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் அமர்ந்திருந்த முதலாளி திடீரென மறைந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் திண்ணையில் மூன்று கேள்விகள் எழும். கடை யாருக்குச் சொந்தம்? கடையை இனி யார் நடத்துவது? நடத்துபவருக்கு அதற்கேற்ற பக்குவத்தை எவரேனும் ஊட்டி வைத்தனரா? மூன்றும் ஒரே கேள்வி போலத் தோன்றினும் மூன்றும் வேறு வேறு.

ஆங்கிலத்தில் ‘சக்சஷன்’ என்னும் ஒரே சொல் மூன்று துறைகளில் வழங்குகிறது. அதனைச் சட்டத்தார் வாரிசுரிமை என்பர். தாவரவியலார் வழிமுறை வளர்ச்சி என்பர். வணிகவியலார் தலைமை மாற்றம் என்பர். தமிழில் பெயர்கள் மூன்றாகப் பிரிந்துவிட்டமையால் இவற்றை ஒருசேர எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மூன்றையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வாரிசு என்னும் உரிமை ஒரு நாளில் வந்துவிடும். வாரிசுக்குரிய தகுதி பல ஆண்டுகளில்தான் வரும். இவ்வுண்மை யாரைக் காட்டிலும் நம் வீட்டு மகள்களையே மிகுதியும் தொடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. சட்டம் கேட்கும் கேள்வி

சட்டம் முதலில் கேட்பது ‘யார்?’ என்பதே. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர்தம் சொத்து எவரைச் சேரும் என்பதை அவரவர்க்குரிய சட்டம் வரையறுத்துள்ளது. கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இசுலாமியர்களுக்கு ஷரியத் முறையும், இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தும். இங்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1956ஆம் ஆண்டுச் சட்டம், தந்தை தாமே ஈட்டிய சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சமபங்கு அளித்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் நிலைமை வேறு. மிதாட்சர முறைப்படி மகனுக்குப் பிறப்பினாலேயே அதில் உரிமை உண்டு. மகளுக்கு அவ்வுரிமை இல்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். தந்தை, தாய், ஒரு மகன், ஒரு மகள் உள்ள குடும்பத்தில் தந்தை உயிலின்றி இறக்கிறார். பாட்டி உயிருடன் இல்லை. பழைய விதிப்படி, இறப்பதற்குச் சற்று முன்பு பாகம் பிரிந்ததாகக் கருதித் தந்தைக்கு ½, மகனுக்கு ½ என்று கணக்கிடுவர். நம் பகுதியில் பின்பற்றப்படும் முறையில் இப்பாகத்தில் தாய்க்குப் பங்கில்லை. பின்னர்த் தந்தையின் பாதியைத் தாய், மகன், மகள் மூவரும் சமமாகப் பிரிப்பர். முடிவில் மகனுக்கு ⅔, மகளுக்கு ⅙, தாய்க்கு ⅙. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்கு மற்றவரைப் போல் நான்கு மடங்கு!

இவ்வநீதியைக் களைய வேண்டும் என்னும் குரல் தமிழகத்தில் முன்னரே எழுந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் பெரியார் கூட்டிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் மகளையும் பிறப்பினால் பங்காளி ஆக்கியது. எனினும் அந்நாளுக்கு முன் மணமான மகள்களை அது விலக்கியது. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், மணமாகாதவர் என்னும் வேறுபாட்டைப் போக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவுறுத்தியது. 20.12.2004க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் கலைக்கப்படமாட்டா.

மேற்கண்ட குடும்பத்தையே இப்புதிய விதியில் வைத்துப் பார்ப்போம். தந்தை, மகன், மகள் மூவருக்கும் ⅓. தந்தையின் மூன்றிலொன்றைத் தாயும் பிள்ளைகளும் பிரித்துக்கொள்ள, மகனுக்கு 4/9, மகளுக்கு 4/9, தாய்க்கு 1/9. மகளும் மகனும் சமமாயினர். ஆனால் தாயின் பங்கு ஆறிலொன்றிலிருந்து ஒன்பதிலொன்றாகக் குறைந்துவிட்டது என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் நேராக்கினால் மறுபக்கம் சாய்வது கணக்கின் இயல்பு.

இத்துடன் சட்டம் தன் பணியை முடித்துக்கொள்கிறது. அது பங்கைப் பிரித்துத் தரும். பழக்கத்தைப் பிரித்துத் தராது. யாரிடம் சரக்கு எடுத்தால் நயம், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் தரலாம் என்பனவெல்லாம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை.

2. காடு காட்டும் வழி

காட்டில் ஒரு தாவரக் கூட்டத்தை அடுத்து மற்றொரு கூட்டம் வருவதை அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றனர். மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் புல் முதல் காடு வரை படிப்படியாக அமைந்திருத்தலை ஹென்றி கௌல்ஸ் 1899இல் எழுதினார். 1916இல் பிரெடரிக் கிளெமென்ட்ஸ், இப்படிகள் ஒழுங்காகச் சென்று ஓர் உச்சநிலைச் சமுதாயத்தில் முடியும் என்று கோட்பாடு வகுத்தார். 1926இல் ஹென்றி கிளீசன் அதனை மறுத்து, ஒவ்வொரு தாவர இனமும் தன் போக்கில் வந்து சேர்கிறதென்றார்.

இதற்குச் சிறந்த களம் அலாஸ்காவிலுள்ள பனியாற்று வளைகுடா. 1794இல் வான்கூவரின் குழுவினர் அங்குச் சென்றபோது வளைகுடா முழுவதும் பனிக்கட்டியாக இருந்தது. 1879இல் ஜான் மியூர் கண்டபோது பனி பல மைல் தூரம் பின்வாங்கியிருந்தது. பனி விலக விலக வெறும் பாறையும் சரளையும் வெளிப்பட்டன. வில்லியம் கூப்பர் 1916இல் அங்குச் சிறுசிறு சதுரங்களைக் குறித்து வைத்து, அவற்றில் நிகழும் மாற்றங்களை ஆண்டாண்டாகக் கவனிக்கத் தொடங்கினார்.

அங்கு முதலில் பாசிகளும் சிறு செடிகளும் தோன்றின. பின்னர் ஆல்டர் என்னும் புதர்மரம் அடர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் வறண்ட சரளை வளமான மண்ணாகியது. அம்மண்ணில் ஸ்புரூஸ் மரம் ஓங்கி வளர்ந்து, இறுதியில் ஆல்டருக்கு வெயில் படாமல் மறைத்துவிட்டது. ஆல்டர் நிழலில் வாழாது. எனவே அது இடம்விட்டு அகன்றது. தான் பண்படுத்திய மண்ணைத் தன் இனமல்லாத ஒன்றுக்கு விட்டுச் சென்றது.

ஆயினும் முழுக்கதை இதுவன்று. டெரி சேப்பின் முதலிய ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு, அதே ஆல்டர் இளம் ஸ்புரூஸ் நாற்றுகளுக்கு நிழலாலும் வேர்ப்போட்டியாலும் தடையாகவும் இருந்ததைக் காட்டியது. மண்ணுக்கு நன்மை, நாற்றுக்கு இடைஞ்சல். இரண்டையும் செய்தது ஒரே மரம்.

இதனை முன்னரே பொதுமைப்படுத்தியவர்கள் கானல், ஸ்லாட்டியர் என்னும் இருவர். முன்வந்தவை பின்வருவனவற்றோடு கொள்ளும் உறவு மூவகைப்படும் என 1977இல் அவர்கள் கூறினர்.

(1) துணைபுரிதல்: முன்வந்தது பின்வருவதற்கு நிலத்தைப் பண்படுத்துகிறது.
(2) பொறுத்திருத்தல்: முன்வந்தது உதவுவதுமில்லை, தடுப்பதுமில்லை, பின்வருவது குறைந்த வெளிச்சத்திலும் காத்திருந்து வளர்கிறது.
(3) தடுத்தல்: முன்வந்தது தான் அழியும்வரை எதனையும் வளரவிடுவதில்லை.

மூன்றாம் வகைக்கு நாம் அலாஸ்கா செல்ல வேண்டியதில்லை. நம் கண்மாய்களில் அடர்ந்துள்ள சீமைக் கருவேலமே போதும்.

3. தொழில் வைக்கும் சோதனை

குடும்பத் தொழிலில் நிகழும் பூசல்களுக்குக் காரணம் யாது? 1978இல் ஹார்வர்டில் டகியூரி, டேவிஸ் என்னும் இருவர் இதற்கு ஓர் எளிய படம் வரைந்தனர். குடும்பம், உடைமை, நிர்வாகம் என்னும் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டி நிற்கின்றன. ஒருவர் குடும்பத்தில் இருப்பார், உடைமை இராது. மற்றொருவருக்கு உடைமை இருக்கும், நிர்வாகத்தில் இடமிராது. தாம் எந்த வட்டத்தில் நின்று பேசுகிறோம் என்பதை உணராமையால்தான் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொள்கின்றனர்.

அப்படியாயின் தலைமைக்கு உரியவர் யார்? பெற்ற பிள்ளையா, பிறரா? டென்மார்க் நாட்டு நிறுவனங்களை ஆராய்ந்து பென்னட்சன் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. முதலாளியின் முதற்பிள்ளை ஆணாயின் தலைமை குடும்பத்துக்குள்ளேயே செல்வது மிகுதியாக இருந்தது. பிறப்பது ஆணா பெண்ணா என்பது தற்செயல். அதனைத் துணைகொண்டு அவர்கள் விளைவை அளந்தனர். தலைமை குடும்பத்தாரிடம் சென்றபோது, சொத்தின்மீது ஈட்டும் இலாபவீதம் சராசரியாகக் குறைந்தது 4 விழுக்காட்டுப் புள்ளிகள் வீழ்ந்தது. இதில் நாம் காணவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. சமத்துவத்திற்குப் பெயர்பெற்ற அந்நாட்டிலும் முதற்பிள்ளை பெண்ணாயின் அவளைக் கல்லாவுக்கு அழைக்கத் தயங்கினர் என்பதே அது.

ஜப்பானியர் கண்ட வழி வேறு. தகுதியான இளைஞரை, அவர் வளர்ந்த பின்னரே, பெரும்பாலும் மருமகனாக்கித் தத்தெடுத்துத் தொழிலை ஒப்படைப்பர். அவ்வாறு தத்துப்பிள்ளைகள் நடத்திய நிறுவனங்கள், பெற்ற பிள்ளைகள் நடத்தியவற்றைவிடச் சிறந்து விளங்கியதை மெஹ்ரோத்ரா முதலியோர் 2013இல் காட்டினர். நம் நாட்டில் மாருதியுடன் கைகோத்த சுசுகி நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஒசாமு சுசுகி, அவ்வாறு தத்து வந்த மருமகனே ஆவார். ஆயினும் மகளிருந்தும் மருமகனைத் தேடிய வழி அது என்பதையும் மறத்தலாகாது.

தமிழகத்திலோ இருவகை நிகழ்ச்சிகளையும் கண்டிருக்கிறோம். டாஃபே டிராக்டர் நிறுவனத்தில் ஏ. சிவசைலம் அவர்களின் மகள் மல்லிகா சீனிவாசன் 1986இல் சேர்ந்து, தந்தையார் இருக்கும்போதே பொறுப்புகளைப் பயின்று, பின்னர்த் தலைமையேற்றார். மற்றொரு புறம், முருகப்பா குழுமத்தில் 2017இல் மறைந்த எம். வி. முருகப்பன் அவர்களின் மகள் வள்ளி அருணாச்சலம், குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கோரினார். 2020இல் பங்குதாரர்கள் வாக்களித்து அதனை ஏற்க மறுத்தனர். 2023இல் குடும்பத்தார் சமாதானமாக உடன்பாடு கண்டனர். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. பங்கு வாரிசுரிமையாக வரும். இயக்குநர் நாற்காலி வாரிசுரிமையாக வாராது. இப்பாடத்தை வணிகவியல் மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

4. மூன்றும் சந்திக்குமிடம்

காட்டின் நியதியை வீட்டுக்கு அப்படியே கொண்டுவருதல் தவறு. மரத்துக்கு மனமில்லை, அது யாருக்காகவும் தியாகம் செய்வதில்லை. எனினும் ஒப்புமை ஒன்றைக் கற்பிக்கும். சட்டத்தில் வாரிசு இரத்த உறவினர். காட்டில் வாரிசு அயலார். தொழிலில் இவ்விரண்டுக்கும் இடையே ஓயாத வழக்கு. மூன்றிலும் பொதுவானது, முன்னவர் நிலத்தை எவ்வாறு விட்டுச் செல்கிறார் என்பதே.

நம் முதலாளிமார்களிலும் மூவகையினர் உண்டு. பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கணக்குச் சொல்லித் தருவோர் சிலர். கற்பவர் கற்கட்டும் என்று இருப்போர் சிலர். இறுதிமூச்சு வரை சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு அகற்றாதோர் பலர். ஆல்டரைப்போல் ஒருவரே மகனுக்குத் துணையாகவும் மகளுக்குத் தடையாகவும் இருப்பதும் உண்டு. மகன் பத்து வயதில் கடைக்கு வந்து பொட்டலம் மடிக்கிறான். மகளை ‘கடைப்பக்கம் வராதே அம்மா’ என்று திருப்பி அனுப்புகிறோம். இருபது ஆண்டுகள் கழித்து, ‘அவளுக்கு வியாபாரம் தெரியாது’ என்கிறோம். தெரியாமற் செய்தவர் யார்?

இதன் விளைவே விடுதலைப் பத்திரம். உடன்பிறந்தான்மீது கொண்ட அன்பினாலோ, பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடும் என்னும் அச்சத்தினாலோ, மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையொப்பமிடுகிறாள். மனமுவந்து கொடுப்பது அவள் விருப்பம். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எதனை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறியாமல் கையொப்பமிடுவது ஈகையாகாது. 1929இல் தீர்மானமாகத் தொடங்கி, 1989இலும் 2005இலும் சட்டமாகி, 2020இல் தீர்ப்பாக உறுதிப்பட்ட உரிமை, ஒரு பிற்பகலில் அரைமணி நேரத்தில் கரைந்துவிடுகிறது.

முடிவுரை

‘யார்?’ என்ற கேள்விக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. ‘எவ்வாறு?’ என்ற கேள்விக்கு விடை கூற வேண்டியது வீடு. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவதாக, விடுமுறை நாட்களில் மகளும் கல்லாவில் அமரட்டும், பேரேட்டைப் புரட்டட்டும். இரண்டாவதாக, பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே உடைமை எவருக்கு, நிர்வாகம் எவருக்கு என்பதை எழுத்தில் வைக்கட்டும். பங்கு குறைந்த தாயையும் அவ்வெழுத்தில் நினைவு கொள்ளட்டும். மூன்றாவதாக, எப்பத்திரத்திலும் கையொப்பமிடுமுன் அதனை முழுதும் படித்துப் பார்க்கும் வழக்கத்தை நம் கல்லூரி மாணவியர் தங்கள் வீடுகளில் தொடங்கி வைக்கட்டும்.

வாரிசு என்பது காரியம் முடிந்த பதினாறாம் நாள் தோன்றுவதன்று. பொட்டலம் மடிக்கக் கற்றுத்தரும் முதல்நாளே அது தொடங்கிவிடுகிறது. அந்த முதல்நாள் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக அமையுமானால், சட்டம் தந்த சமபங்கு ஏட்டளவில் நில்லாது வாழ்விலும் மெய்யாகும்.