பின்சக்கரம் குதித்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நிபோங் தெபாலிலிருந்து பைராம் தோட்டத்துப் பக்கம் போனால் இருபுறமும் செம்பனைதான். அதற்கு முன் ரப்பர், அதற்கும் முன் கரும்பு. பயிர் மாறிக்கொண்டே வந்தாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இயந்திரத்தின் மேல் உள்ள ஆசை மட்டும் குறையவில்லை. அப்பா பழம் ஏற்றும் டிராக்டர் ஓட்டியிருப்பார்; மகன் பழைய டிஎக்ஸ் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருப்பான்.

மலேசியாவில் டிஎக்ஸ் என்றால் கேஇ70 கொரோல்லா. முன்னால் எஞ்சின், பின்சக்கரம் தள்ளும். கம்பெனியிலிருந்து வரும்போது 1.3 லிட்டர் 4கே எஞ்சின். நம் பிள்ளைகள் அதைக் கழற்றிவிட்டு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் வாங்கிய 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ எஞ்சினைப் போடுவார்கள். சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஆனால் பின்னால் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் நாற்பது வருடப் பழசு. கிளட்சை விட்டு எண்ணெயை அமுக்கியதும் பின்பக்கம் ‘தடதடதட’ என்று அடிக்கும். சுத்தியலால் யாரோ தரையைத் தட்டுவதுபோல் இருக்கும். இதைத்தான் வீல் ஹாப் என்கிறார்கள்.

நடப்பது இதுதான். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்ஸில் எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். புஷ், ஸ்பிரிங், டயரின் பக்கச்சுவர் எல்லாம் அந்த முறுக்கை வாங்கி வைத்துக்கொள்ளும். தாங்க முடியாத கட்டத்தில் டயர் வழுக்கும். முறுக்கு சட்டென்று அவிழும். டயர் மறுபடி பிடிக்கும். மறுபடி முறுக்கு ஏறும். நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படி நடக்கும். ஒவ்வொரு அடியும் ஆக்ஸில், டிஃப் (டிஃபரன்ஷியல்) பற்கள், யூ-ஜாயின்ட் எல்லாவற்றிலும் விழும்.

செய்ய வேண்டியவை

1. தடதடப்பு தொடங்கிய அந்த நொடியே காலை எடுங்கள். பாதி எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம், முழுதாக எடுத்துவிடுங்கள். முறுக்கு நின்றால் குதிப்பும் நிற்கும். ஆக்ஸிலைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி இல்லை.

2. முதலில் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் தேதி எண் நான்கு இலக்கத்தில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர் பிடித்துப் பிடித்து வழுக்கும். காற்றைக் குளிர்ந்த டயரில் அளந்து, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டு வாருங்கள். எண்ணெய் நிலையத்து மீட்டர் கிலோபாஸ்கலில் காட்டும். 220 என்பது சுமார் 32 பிஎஸ்ஐ. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: பாரம் இழுக்கும் டிராக்டருக்கும் இந்தக் குதிப்பு உண்டு. அங்கேயும் முதலில் சரிபார்ப்பது டயர் காற்றையும் எடையையும்தான்.

3. காரை ஜெக் ஸ்டாண்டில் நிறுத்தி, புஷ்ஷை ஒவ்வொன்றாகக் கம்பி வைத்து நெம்பிப் பாருங்கள். டிஎக்ஸ் செடானிலும் ஏஇ86-இலும் பின் ஆக்ஸிலைப் பிடித்திருப்பவை மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கைகளும், குறுக்கே போகும் ஒரு கம்பியும். ஒரு கைக்கு இரண்டு புஷ் என்றால் எத்தனை இடத்தில் ஆட்டம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெடிப்பு, ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருப்பது, போல்ட் ஓட்டை நீள்வட்டமாகியிருப்பது ஆகிய மூன்றையும் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் புஷ்ஷின் மேலும் கையின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் அங்கேதான் நழுவுகிறது.

4. டட்சன் 120ஒய் வைத்திருப்பவர்கள் லீஃப் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குங்கள். எண்ணெயை அமுக்கும்போது பட்டை ‘எஸ்’ எழுத்துபோல் வளையும். குதிப்பு அங்கேதான் பிறக்கிறது. யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா, நடு போல்ட் அறுந்திருக்கிறதா, பட்டையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குதித்தால், ஆக்ஸிலுக்கு முன்பக்கத்துப் பட்டைகளைக் கிளாம்ப் போட்டு இறுக்குவதும், முறுக்கைத் தடுக்கும் டிராக்ஷன் பார் பொருத்துவதும் பலன் தரும்.

5. சுதந்திரப் பின் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் தேடும் இடம் வேறு. நிசான் செஃபிரோ ஏ31-இல் சப்ஃபிரேம் புஷ்ஷும் டிஃப் மவுண்டிங்கும் முதல் சந்தேகத்துக்குரியவை. பிஎம்டபிள்யூ இ36-இல் டிரெய்லிங் ஆர்ம் புஷ். ஆக்ஸில் முறுக்கு இங்கே இல்லாவிட்டாலும், சப்ஃபிரேமே ஆடினால் சக்கரத்தின் திசை மாறி மாறித் திரும்பும். புதிய காருக்கும் விலக்கு இல்லை. ஃபோர்டு மஸ்டாங் 2015 மாடலில் சுதந்திரச் சஸ்பென்ஷனுக்கு மாறிய பிறகும், சப்ஃபிரேம் ஆட்டத்தை அடக்கும் சாமான்களுக்குச் சந்தையில் நல்ல கிராக்கி இருக்கிறது.

6. அப்சோர்பரை மறக்காதீர்கள். எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றுங்கள். கசியாவிட்டாலும் வயதானால் பிடிமானம் போய்விடும். பின்னால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி மவுண்டிங்குகளையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். எஞ்சின் எகிறி விழுந்தால் அந்த அதிர்வும் பின்னால்தான் போகும்.

7. கைப்பேசியைப் பின்சக்கரத்தை நோக்கிப் பலமாகக் கட்டி, மெதுவோட்டத்தில் படம் எடுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து குதிக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் புஷ், அப்சோர்பர், டயர் மூன்றோடு தேடலை முடித்துக்கொள்ளலாம்.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதி வையுங்கள். நான்கு சாமானை ஒரே நாளில் மாட்டிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்றால், எது சரி செய்தது என்பது யாருக்கும் தெரியாது.

செய்யக்கூடாதவை

1. ‘இன்னும் கொஞ்சம் அமுக்கினால் தாண்டிவிடும்’ என்று நினைக்காதீர்கள். அரை ஆக்ஸில் முறிவதும் டிஃப் பல் உடைவதும் பெரும்பாலும் அந்த ‘இன்னும் கொஞ்ச’த்தில்தான்.

2. காரைத் தாழ்த்த ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே உயரமான கட்டை வைக்காதீர்கள். கட்டை உயர உயர நெம்புகோல் நீளும், முறுக்கும் கூடும். அழகுக்கு வைத்த கட்டையே குதிப்புக்குக் காரணமாகிவிடும்.

3. நான்கு கை உள்ள காரை ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள். வண்டி இறங்கியதும் கீழ்க்கைகளின் சாய்வு மாறும். எண்ணெயை அமுக்கும்போது பின்டயரைத் தரையில் அழுத்துவது அந்தச் சாய்வுதான். தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், கையின் பின்முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் போட்டுச் சாய்வைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

4. ஜெக்கில் சக்கரம் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்காதீர்கள். நம் ஆட்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது. தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கோடு நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரத்தின் மேல் காரின் எடை இருக்கும்போதுதான், கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ரென்ச்சால் கடைசி இறுக்கு.

5. எல்லாப் புஷ்ஷையும் ஒரேயடியாக பாலியுரித்தேன் ஆக்காதீர்கள். நான்கு கை சஸ்பென்ஷனில் மேடு பள்ளம் ஏறும்போது கைகள் கொஞ்சமாவது திருகிக்கொள்ள வேண்டும். எல்லாம் இறுகினால் பின்பக்கம் பூட்டிக்கொள்ளும், மழைச் சாலையில் எதிர்பாராமல் விலகும். கீழே கெட்டி, மேலே புது ரப்பர் என்பது தெருவில் ஓடும் காருக்கு நல்ல சமரசம்.

6. காற்றைக் கண்டபடி இறக்காதீர்கள். மென்மையான பக்கச்சுவர் இன்னும் அதிகமாக முறுக்கை வாங்கி வைத்துக்கொள்ளும். சோதிக்க வேண்டுமானால் 2 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஏறும் முன் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

7. வியாதி தெரியாமல் எல்எஸ்டி (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃப்) வாங்காதீர்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடித்தால், ஆட்டம் உள்ள ஆக்ஸிலில் குதிப்பு இன்னும் பலமாகும். ஆயிரக்கணக்கில் வெள்ளி போன பிறகும் தடதடப்பு அங்கேயே இருக்கும்.

8. தோட்டத்துப் பாதையிலோ பொதுச்சாலையிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். தோட்டத்துப் பாதை பழ லாரி வரும் வழி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாம் பாலம் பக்கத்திலிருக்கும் பத்து காவானில் தொடங்குகிறது என்பதற்காக அங்கே கொண்டு போகவும் வேண்டாம்; அங்கே வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். வேகம் பார்க்க வேண்டுமானால் செப்பாங் போன்ற பந்தயத் திடல்கள் இருக்கின்றன.

9. எஞ்சின் மாற்றியதை மறைத்து ஓட்டாதீர்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். பதிவில் ஓர் எஞ்சின், உள்ளே வேறு எஞ்சின் என்றால், விபத்து நடந்த அன்று காப்புறுதி கைவிட இடம் கொடுத்தது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

சக்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சக்தி தரைக்குப் போகும் வழியில் எங்கோ ஓர் இடம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் டயரும் காற்றும், பிறகு புஷ்ஷும் போல்ட்டும், பிறகு அப்சோர்பர், அதன் பிறகே புதுச் சாமான். இந்த வரிசையில் தேடுங்கள். ஒரு சனிக்கிழமை காலையும் ஒரு நெம்புகம்பியும் போதும், தொடங்குவதற்கு.