இடித்துரைத்தவர்கள்

நுழையும்முன்

இயந்திரத்தின் காப்புத் தடுப்பு கழன்று கிடப்பதையும் குழாயின் இணைப்பில் கசிவு தொடங்குவதையும் முதலில் காண்பவர் அவற்றின் அருகில் நாள்தோறும் நிற்கும் தொழிலாளியே. கண்டதைச் சொன்னால் பல உயிர்கள் பிழைக்கலாம். சொன்னவரின் வேலையும் போகலாம். இந்த இருதலைக்கொள்ளி நிலையில் போபால் நகரத்து ஆலைத் தொழிலாளர்கள் நின்றதையும், பின்னர் இந்தியச் சட்டம் கண்ட மாற்றத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

அவையும் ஆலையும்

தவறு கண்டவிடத்து அஞ்சாமல் எடுத்துக்கூறித் திருத்துவதைத் தமிழ் ‘இடித்துரைத்தல்’ என்னும் சொல்லால் குறிக்கும். திருக்குறள் இதனை அரசனுக்கு வேண்டிய துணையாகப் பேசுகிறது. ஆயினும், அங்கே இடித்துரைப்பவர் அரசவையில் மதிப்புடைய சான்றோர். ஆலையில் இடித்துரைக்க வேண்டியவரோ மாத ஊதியத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவர். கேட்க வேண்டியவரே அவருக்கு ஊதியம் அளிப்பவர். அறிவுரையின் தன்மை ஒன்றே எனினும் சொல்பவர் நிற்கும் இடம் வேறு.

போபாலில் நிகழ்ந்தவை

மத்தியப் பிரதேசத் தலைநகரான போபாலில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலை இயங்கிவந்தது. மீத்தைல் ஐசோசயனேட், பாஸ்ஜீன் ஆகிய கொடிய நச்சுப்பொருள்கள் அங்குக் கையாளப்பட்டன. ஆலையை ஒட்டியே ஏழை மக்களின் குடியிருப்புகள் நெருங்கி இருந்தன.

1981 டிசம்பரில் பராமரிப்புப் பணியின்போது பாஸ்ஜீன் தாக்கித் தொழிலாளர் ஒருவர் இறந்தார். அடுத்த சில வாரங்களில் மீண்டும் ஒரு கசிவு நேர்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிற்சங்கத்தினர் வாளாவிருக்கவில்லை. தொழிலாளர்களின் உயிரும் நகர மக்களின் உயிரும் ஆபத்தில் உள்ளன என்று 1982இல் சுவரொட்டிகள் அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினர். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த தாய்நிறுவன வல்லுநர் குழுவும் ஆலையின் குறைகளைப் பட்டியலிட்டது. எனவே, ஆபத்தை எவரும் அறிந்திருக்கவில்லை என்று கூறுவதற்கு இடமில்லை.

பின்வந்த ஆண்டுகளில் ஆலையின் வருவாய் குறைந்தது. செலவைச் சுருக்கும் நோக்கில் ஆட்கள் குறைக்கப்பட்டனர். மீத்தைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு பணிமுறைக்குப் பன்னிருவராக இருந்த இயக்குநர்கள் அறுவராயினர். இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மொழியை நன்கறிந்த தொழிலாளர் சிலரே. ஆட்குறைப்பு பற்றிச் சங்கம் வழியாக எழுந்த முறையீடுகள் பயன் தரவில்லை. 15 நாள் உண்ணாநோன்பு இருந்த தொழிலாளர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டதைப் போபால் பேரழிவு பற்றிய ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. அந்த ஒரு பணிநீக்கம் எஞ்சியோருக்கு உணர்த்தியது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

உள்ளே இருந்தோர் வாய்திறக்க அஞ்சிய சூழலில், வெளியே இருந்து ஒருவர் எழுதினார். ராஜ்குமார் கேஸ்வானி என்னும் இளம் இதழாளர், 1982 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ‘ரபட்’ என்னும் தம் சிறிய இந்தி வார இதழில் தொடர்ந்து எச்சரித்தார். 1984 ஜூனில் ‘ஜனசத்தா’ நாளிதழிலும் எழுதினார். பாஸ்ஜீனால் இறந்த தொழிலாளர் அவருடைய நண்பர். ஆலைக்குள் பணிபுரிந்தோர் அளித்த செய்திகளே அவர் கட்டுரைகளுக்கு அடிப்படை. கேஸ்வானியை வேலையிலிருந்து நீக்க ஆலையால் இயலாது. அவருக்குச் செய்தி தந்தவர்களை நீக்க இயலும். இவ்வேறுபாடு இப்பாடத்திற்கு இன்றியமையாதது. 1982 டிசம்பரில் மாநிலச் சட்டமன்றத்தில் இது குறித்து வினா எழுந்தபோது, நகருக்கு ஆபத்தில்லை என்றே அரசின் விடை அமைந்தது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் சேமிப்புத் தொட்டி ஒன்றினுள் நீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு அவ்வாண்டு ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. மாநில அரசு உறுதிசெய்த இறப்புகள் 3,787. உண்மை எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு என்பது பலர் கணிப்பு. பாதிக்கப்பட்டோர் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

பேரழிவுக்குப் பின் நிறுவனம் அளித்த விளக்கமும் கருதத்தக்கது. மனக்குறை கொண்ட தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தொட்டிக்குள் நீரைச் செலுத்தினார் என்று அது வாதிட்டது. குழாய்களைக் கழுவியபோது நீர் புகுந்தது என்பது மற்றொரு தரப்பின் முடிவு. முறையிட்டபோது கேட்கப்படாத தொழிலாளியின் மனக்குறை, விபத்துக்குப் பின் குற்றச்சாட்டாகத் திரும்பிவந்தது.

சட்டத்தில் ஏறிய உரிமை

யூனியன் கார்பைடின் தாயகமான அமெரிக்காவில், பாதுகாப்புக் குறைகளைப் புகார் செய்யும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே தடைவிதித்திருந்தது. அதே நிறுவனத்தின் போபால் தொழிலாளிக்கு அத்தகைய காப்பு இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பட்டபோதுதான் நிலை மாறத் தொடங்கியது.

அத்திருத்தத்தின் 41எச் பிரிவு, உயிருக்கோ உடல்நலத்திற்கோ உடனடி ஆபத்து உள்ளதெனத் தக்க காரணத்துடன் அஞ்சும் தொழிலாளி அதனை நிர்வாகத்திற்கும், அதே வேளையில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது. ஆபத்து உண்மையெனக் கண்டால் நிர்வாகம் உடனே சீர்செய்ய வேண்டும். அவ்வாறு கருதாவிடின் ஆய்வாளரிடம் முடிவுக்கு விட வேண்டும். 118ஏ பிரிவு இன்னும் நுட்பமானது. புகார் அளித்தவர் யார் என்பதை ஆய்வாளர் மறைவாக வைத்திருக்க வேண்டும். புகாரின் பேரில்தான் ஆய்வுக்கு வந்துள்ளார் என்பதைக்கூட நிர்வாகத்திடம் வெளியிடக் கூடாது. புகாரின் உண்மையை ஆராய்வதற்குப் புகார் செய்தவரின் முகம் தேவையில்லை என்னும் தெளிவு இதில் வெளிப்படுகிறது. ஆபத்தை நிர்வாகத்திற்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் இப்பணியைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் மேற்கொள்கிறது.

பழிவாங்கும் முறைகள்

புகார் செய்ததற்காக நீக்குகிறோம் என்று எந்த நிர்வாகமும் ஆணையில் எழுதுவதில்லை. இரவுப் பணி தொடர்ந்து தரப்படும். தொலைவிலுள்ள கிளைக்கு மாற்றல் வரும். என்றோ தாமதமாக வந்தது ஒழுங்கீனமாகக் காட்டப்படும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆணைகூடத் தேவையில்லை. மறுநாள் முதல் அவரை வேலைக்கு அழைக்காமல் விட்டால் போதும். பழிவாங்கும் நோக்கிலான பணிநீக்கத்தைத் தொழில் தகராறுகள் சட்டம் முறையற்ற செயலாக வகைப்படுத்தியது. எனினும், அந்த நோக்கத்தை மெய்ப்பிக்கும் சுமை பெரிது. பத்துப் பேர் மட்டும் வேலைசெய்யும் பட்டறையில் பெயர் மறைத்து எழுதிய புகாரும் எவருடையது என எளிதில் ஊகிக்கப்படும். சட்டத்தின் மறைப்பு அங்கே மெல்லிய திரையே.

புகார்க் கடிதத்தின் மொழி

ஆகவே, எழுதும் முறையே ஓரளவு காப்பாகிறது. ‘ஆலையில் பாதுகாப்பே இல்லை’ என்னும் தொடர் சினத்தைக் காட்டும், ஆய்வாளருக்கு வழிகாட்டாது. ‘இரண்டாம் கூடத்தில் உள்ள அழுத்து இயந்திரத்தின் காப்புத் தடுப்பு சென்ற திங்கட்கிழமை முதல் கழற்றப்பட்டுள்ளது’ என்னும் தொடரில் இடமும் பொருளும் நாளும் உள்ளன. ஆய்வாளர் நேரே அவ்விடம் சென்று காணலாம். எவரையும் வினவ வேண்டியதில்லை. ஒருவர் மட்டுமே அறிந்திருக்கக்கூடிய செய்தியைக் கடிதத்தில் சேர்த்தால் கையொப்பமின்றியே எழுதியவர் வெளிப்படுவார். கூடத்தில் நிற்கும் யாவரும் காணக்கூடியதை எழுதுவது நலம். பலர் சேர்ந்து கையொப்பமிடுவதும், பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாக அனுப்புவதும் ஒருவர் மேல் மட்டும் சினம் பாய்வதைத் தடுக்கும்.

நிர்வாகத்திடம் வாய்மொழியாகச் சொன்னதையும் நாளிட்டு எழுதி, படியொன்றை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். ஒழுங்கீனக் குற்றச்சாட்டு பின்னர் வருமாயின், முறையீடு முந்தியதா குற்றச்சாட்டு முந்தியதா என்பதை அந்த நாளே காட்டும்.

கற்பவை கற்றபின்

1. பட்டறை ஒன்றில் நீங்கள் கண்ட பாதுகாப்புக் குறையைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்கும் கடிதம் எழுதுக. எழுதியவர் யார் என ஊகிக்க இடந்தரும் தொடர் அதில் உள்ளதா என நண்பரிடம் கொடுத்து ஆராய்க.

2. கேஸ்வானிக்குச் செய்தி தந்த தொழிலாளர்கள் தம் பெயரை வெளியிட்டிருக்க வேண்டுமா? இரு தரப்பாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.